ஏடிபி புட்டிக்குள் இருந்த இன்னொன்று

2024 ஜூன் 11

முதுகலை வகுப்பில் இன்று எர்ல் சதர்லாண்டின் கல்லீரல் சோதனையை நடத்தினேன். அரைத்த கல்லீரலில் அட்ரினலினைச் சேர்த்தால் கிளைக்கோஜனை (கல்லீரல் சேமித்துவைக்கும் சர்க்கரையை) உடைக்கும் நொதி முடுக்கம் பெறும்; ஆனால் மையவிலக்கில் சுழற்றிச் சவ்வுத் துண்டுகளை அடியில் தங்கவிட்டு, மேலே நிற்கும் தெளிநீரை மட்டும் எடுத்துக்கொண்டால் அட்ரினலினால் பயனில்லை. அந்தத் துண்டுகளோடு ஹார்மோனை ஊறவைத்து, கொதிக்கவைத்து, அந்தச் சாற்றைத் தெளிநீரில் விட்டதும் நொதி மீண்டும் முடுக்கம் பெற்றது. கொதிநிலையைத் தாங்கியதால் அது நொதியாக இருக்க வாய்ப்பில்லை, ஏதோ ஒரு சிறு மூலக்கூறு. ஹார்மோனின் செய்தியைச் செல்லுக்குள் எடுத்துச்செல்லும் சைக்ளிக் ஏஎம்பி அப்படித்தான் பிடிபட்டது. 1971இல் அவருக்கு நோபல் பரிசு.

“வெளியே நிற்கிற ஹார்மோன், சவ்வின் உட்பக்கம் இருக்கிற அடினைல் சைக்ளேஸை எப்படி மேடம் எழுப்புகிறது?” என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு கேள்வி வந்தது. செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியிலிருந்து சைக்ளிக் ஏஎம்பியைச் செய்யும் நொதிதான் அடினைல் சைக்ளேஸ். நாளைக்கு என்றேன்.

2024 ஜூன் 12

வகுப்பு முழுவதையும் மார்ட்டின் ராட்பெல் எடுத்துக்கொண்டார். 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில், பெதஸ்தாவிலுள்ள அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில், எலிக் கல்லீரலின் செல் சவ்வில் கதிரியக்க அயோடின் ஏற்றிய குளுக்ககான் என்ற ஹார்மோனை ஒட்டவைத்து, அது எவ்வளவு நேரம் ஒட்டியிருக்கிறது என்று அவருடைய குழு அளந்துகொண்டிருந்தது. ஏடிபியைச் சேர்த்ததும் குளுக்ககான் விரைவாகக் கழன்றது, ஆனால் ஏடிபி நிறைய தேவைப்பட்டது. ஏடிபியைப் போன்ற மற்ற மூலக்கூறுகளையும் (நியூக்ளியோடைடுகள்) விட்டுப் பார்த்தபோது, குவானோசின் டிரைபாஸ்பேட் அதைவிட மிகச் சிறிய அளவிலேயே அதே வேலையைச் செய்தது. கடையில் வாங்கிய ஏடிபியில் அதுவும் கலப்படமாக இருந்திருக்கிறது! அதனால்தான், குவானோசின் டிரைபாஸ்பேட்டைத் தனியாகச் சேர்க்காதபோதும் ஹார்மோன் வேலை செய்வதுபோல் முந்தைய சோதனைகளில் தெரிந்தது. ஹார்மோன் ஒட்டும் சவ்வுப் புரதமான ஏற்பிக்கும் நொதிக்கும் நடுவே, இந்த மூலக்கூறை நம்பியிருக்கும் மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார் என்ற எண்ணம் அங்கிருந்து வலுப்பெற்றது. சமிக்ஞையைப் பகுத்தறிபவர், கடத்துபவர், பெருக்குபவர் என்று ராட்பெல் அதைப் பிரித்தார்.

குவானோசின் டிரைபாஸ்பேட்டையும், ஒரு பாஸ்பேட் குறைந்த டைபாஸ்பேட்டையும் தமிழில் சுருக்கினால் இரண்டும் ‘ஜிடிபி’ ஆகிவிடுகின்றன. பலகையில் முழுப்பெயரை எழுதியே கை வலித்தது.

2024 ஜூன் 14

செய்முறை வகுப்பு. ஏடிபி உப்பைக் கரைத்தால் கரைசல் அமிலமாகும், பிஎச் 3 அருகே நிற்கும். சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு நடுநிலைக்குக் கொண்டுவர ஒரு குழு மறந்துவிட்டது, நொதி அசையவில்லை. நானும் கவனிக்கவில்லை.

2024 ஜூன் 18

ஆல்ஃபிரட் கில்மனோடு அந்தக் கடைசி வரிசைக் கேள்வி முடிந்தது. எஸ்49 என்ற எலி லிம்போமா (நிணநீர்ப் புற்று) செல்கள் சைக்ளிக் ஏஎம்பி மிகுந்தால் இறந்துவிடும்; இறக்காமல் தப்பிய ஒரு திரிபுவகைக்கு, அடினைல் சைக்ளேஸ் இல்லை என்று கருதி, ‘சைக் மைனஸ்’ என்று பெயரிட்டிருந்தார்கள். இயல்பான செல்களின் சவ்விலிருந்து எடுத்த சாற்றை அதன் சவ்வோடு சேர்த்தபோது ஹார்மோனுக்கு மீண்டும் பதில் கிடைத்தது. சாற்றை மிதமாகச் சூடாக்கி அதிலிருந்த சைக்ளேஸைச் செயலிழக்கச் செய்த பின்னும் அந்தத் திறன் குறையவில்லை. அப்படியானால் திரிபுவகைக்கு உள்ளேயே சைக்ளேஸ் இருக்கிறது, இல்லாதது நடுவிலிருக்கும் புரதம்தான். பிறகு தூய்மைப்படுத்தப்பட்ட அதுவே, குவானோசின் டிரைபாஸ்பேட்டை நம்பியிருக்கும் ஜி புரதம். 1994இல் கில்மனும் ராட்பெல்லும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

சைக்ளேஸ் இருப்பது தெரிந்த பின்னும் அந்தச் செல்லுக்கு ‘சைக் மைனஸ்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது.