கிழக்கே போய் மேற்கே வந்து இறங்கிய கதை

ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் எனக்குச் சின்னதாக ஒரு பட்டறை. கப்பல் கிரேன்களில் ஹைட்ராலிக் பழுது பார்ப்பது தொழில். சிங்கப்பூருக்கு வருடத்தில் நான்கு தடவையாவது போவேன். ஒரு வருடம் சிங்கப்பூரோடு ஹூஸ்டன், ஹாம்பர்க் வேலைகளும் சேர்ந்து வந்தன. மூன்று ஊர் வாடிக்கையாளர்களும் தனித்தனியாக டிக்கெட் காசு தருவார்கள். அதை ஒன்றாகச் சேர்த்து, கைக்காசும் கொஞ்சம் போட்டு, ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணியின் உலகம் சுற்றும் டிக்கெட்டை பிசினஸ் வகுப்பில் எடுத்தேன். அடிக்கடி பறப்பவர்களுக்கு லவுஞ்சும் கூடுதல் லக்கேஜும் தரும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் கோல்டு அட்டைதான் குறி.

அந்த டிக்கெட்டின் சட்டம் இதுதான்: அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் தலா ஒரு முறை தாண்ட வேண்டும், கண்டம் விட்டுக் கண்டம் போகும்போது ஒரே திசையில் போக வேண்டும், புறப்பட்ட நாட்டிலேயே முடிக்க வேண்டும். குறைந்தது 10 நாள், அதிகபட்சம் ஒரு வருடம். மொத்தத் தூரத்தை வைத்து விலைப்படிகள்: 29,000, 34,000, 39,000 மைல் வரை. புறப்படும் நாட்டைப் பொறுத்தும் விலை மாறும்.

கோல்டுக்கு 12 மாதத்துக்குள் 50,000 எலைட் மைல், அதாவது அட்டைத் தகுதிக்குக் கணக்காகும் மைல் வேண்டும். பிசினஸில் பல நிறுவனங்களில் பறந்த தூரத்துக்கு 125 சதவீதம் ஏறும். அந்தக் கணக்கில் 39,000 மைலை முழுதாகப் பறந்தாலும் 48,750தான்! ஒரே டிக்கெட்டில் கோல்டு என்று நம்பி உட்கார்ந்திருந்த எனக்குக் காகிதத்தில் கூட்டிப் பார்த்தபோதுதான் உறைத்தது. வழக்கமான சிங்கப்பூர் பயணங்களையும் சேர்த்தால்தான் கதை நடக்கும் என்று 34,000 படியே போதும் என முடிவு செய்தேன்.

வேலை இருக்கும் ஊர்களை மட்டும் கோத்தால் 22,000 மைலுக்குள் முடிந்துவிடும். மிச்ச மைலை வீணாக்க மனசில்லை. சென்னை, சிங்கப்பூர், ஆக்லாந்து, ஹூஸ்டன், பியூனஸ் அயர்ஸ், ஃபிராங்க்ஃபர்ட், மறுபடி சென்னை என்று இழுத்தேன். ஏறத்தாழ 31,000 மைல் வந்தது. பூகோளப் படத்தில் பார்த்த மனைவி, "ஆக்லாந்துல நமக்கு யாருங்க இருக்கா?" என்றாள். யாரும் இல்லை. மைல்தான் இருக்கிறது. அதைச் சொன்னால் சிரிப்பாள் என்று, ஹூஸ்டனுக்கு அதுதான் வழி என்று சொல்லி வைத்தேன். பொய்யும் இல்லை, ஆக்லாந்திலிருந்து நேரடி விமானம் உண்டு.

நம் பாஸ்போர்ட்டுக்கு டிக்கெட்டை விட விசாதான் பெரிய வேலை. அமெரிக்காவில் விமானம் மாறுவதற்குக்கூட விசா வேண்டும். என்னிடம் பத்து வருட அமெரிக்க விசா ஏற்கெனவே இருந்தது. அது இல்லாமல் இதில் இறங்கியிருக்கவே மாட்டேன். நியூசிலாந்து, ஜெர்மனிக்கான ஷெங்கன் என்று ஒவ்வொன்றுக்கும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் வரி ரிட்டர்னும் எடுத்துக்கொண்டு அலைந்ததில் ஒன்றரை மாதம் போனது.

வழியில் ஒரு தடத்தையும் விடக்கூடாது. ஒன்றில் ஏறாவிட்டால் மிச்சம் எல்லாம் ரத்தாகிவிடும். ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து ஹாம்பர்க் போனதும் வந்ததும் ரயிலில். திரும்பி அதே விமான நிலையத்துக்கு வந்ததால் அது கணக்கில் சேரவில்லை. வேறு ஊரிலிருந்து ஏறியிருந்தால் தரைவழித் தூரத்தையும் 34,000-இல் கழித்திருப்பார்கள், எனக்கு ஒரு மைலும் ஏறியிருக்காது.

எல்லாம் முடிந்து வந்து பார்த்தால், ஒரு நீண்ட தடம் கணக்கில் ஏறவே இல்லை. கவுன்டரில் என் உறுப்பினர் எண் விழாமல் போயிருக்கிறது. எந்த நிறுவனம் என்பது எதற்கு, விடுங்கள். போர்டிங் பாஸையும் டிக்கெட் எண்ணையும் கேட்டார்கள். போர்டிங் பாஸ்களை வைத்திருந்த பிளாஸ்டிக் கவர், பழைய பேப்பர்காரருக்குக் கட்டி வைத்த கட்டில் இருந்தது! தண்டையார்பேட்டை வெயிலில் வாசலில் உட்கார்ந்து கட்டைப் பிரித்துத் தேடினேன். அனுப்பி மூன்று வாரம் கழித்துத்தான் ஏறியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு போர்டிங் பாஸிலும் உறுப்பினர் எண் அச்சாகியிருக்கிறதா என்று பார்க்காமல் கவுன்டரை விட்டு நகர்வதில்லை.

அந்த வருடத்தின் நான்காவது சிங்கப்பூர் பயணத்தில் 50,000 தாண்டியது. லவுஞ்சில் இட்லி சாப்பிட்டேன். எங்கள் தெருமுனை ஆயா கடை இட்லிக்குப் பக்கத்தில் வைக்க முடியாது. எனக்குப் பிடித்தது லக்கேஜில் கிடைக்கும் கூடுதல் 20 கிலோதான். அடுத்த முறை போனபோது தண்டையார்பேட்டை மெட்ரோவில் டேபிள்டாப் கிரைண்டரை மடியில் வைத்துக்கொண்டு கடைசி நிறுத்தமான விமான நிலையம் வரை போனேன். கவுன்டரில் ஒரு பேச்சும் இல்லாமல் பெல்ட்டில் போனது. சிங்கப்பூரில் இருக்கும் தங்கச்சி இப்போது இரும்புத் தோசைக்கல் கேட்டிருக்கிறாள், இரண்டு.