கீழ்த்தளக் குளியலறையில் ஷவர் வைக்குமுன்

மார்த்தாண்டத்திலிருந்து குலசேகரம், அருமனை, கருங்கல் என்று எந்தப் பக்கம் போனாலும், ரோட்டில் நின்று பார்த்தால் ஒரு தளமாகத் தெரியும் வீடு பின்பக்கம் இறங்கிப் பார்த்தால் இரண்டு தளமாக நிற்கும். கன்னியாகுமரி மாவட்டத்தில் விளவங்கோடு, கல்குளம் பக்கத்து நிலம் அப்படி. ரோட்டு மட்டத்துக்குக் கீழே கிடைக்கும் அந்த அறையில் கொஞ்ச காலம் ரப்பர் ஷீட்டும் தேங்காயும் கிடக்கும். பிறகு அதற்குக் கதவும் ஜன்னலும் வந்து படுக்கையறை ஆகும். படுக்கையறை ஆனதும் கூடவே ஒரு குளியலறை வேண்டும். இடம் ஐந்தடிக்கு ஏழடி, மிஞ்சிப் போனால் ஆறுக்கு எட்டு.

இந்த அறையைப் பொறுத்தவரை ஷவர் வாங்குவதும் டைல்ஸ் பார்ப்பதும் கடைசி வேலை. தண்ணீர் தானாக இறங்கிப் போக மட்டம் இருக்கிறதா என்பதைப் பார்க்காமல் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது.

அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், கொத்தனார் வைத்திருக்கும் ஓஸ் மட்டம் (உள்ளே தண்ணீர் தெரியும் பிளாஸ்டிக் ஓஸ்) போதும். உள்ளே குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். டைல்ஸ் ஒட்டிய பிறகு தரை எந்த உயரத்தில் வரும் என்று சுவரில் ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டின் மட்டத்தை ஓஸ் வழியாக செப்டிக் டேங்க் வரைக்கும் கொண்டு போங்கள். டேங்குக்குள் நுழையும் குழாயின் அடி, அந்தக் கோட்டுக்கு எத்தனை இஞ்சு கீழே இருக்கிறது என்று அளந்தால் விஷயம் தெரிந்துவிடும். 110 எம்எம் குழாய்க்கு 60-க்கு 1 வாட்டம் (60 அடி ஓட்டத்துக்கு ஓரடி இறக்கம்) வைத்தால் 30 அடி ஓட்டத்தில் 6 இஞ்சு இறங்கும். குழாய் அறையை விட்டுக் கிளம்பும்போதே தரைக்கு 8, 9 இஞ்சு கீழேதான் கிளம்பும். நடுவில் ஒரு சேம்பர் (குழாயைத் திறந்து பார்க்கும் சிறு தொட்டி) வந்தால் அதில் ஒரு 2 இஞ்சு. ஆக, ஒன்றரை அடி வித்தியாசம் இருந்தால் கவலையில்லாமல் வேலையைத் தொடங்கலாம். ஓரடிக்கும் குறைவு என்றால் குழாயைத் தட்டையாகப் போட்டுச் சமாளிக்கப் பார்ப்பார்கள். விடாதீர்கள். வாட்டம் குறைந்த குழாயில் தண்ணீர் போய்விடும், கழிவு தங்கிவிடும்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், மேல் தளம் கட்டும்போது லாரி வந்து உறிஞ்ச வசதியாக இருக்கட்டும் என்று டேங்கை ரோட்டுப் பக்கம் வைத்த வீடுகளில். அங்கே கீழ்த்தளத் தரையைவிட டேங்க் உயரத்தில் இருக்கும். வழி இரண்டு. சரிவின் கீழ்ப்பக்கம் இந்தத் தளத்துக்கென்று தனியாக ஒரு சிறு டேங்க் கட்டலாம். கிணற்றிலிருந்து 15 மீட்டராவது தள்ளி, முடிந்தால் 18 மீட்டர். பக்கத்து வீட்டுக் கிணறும் கணக்கில் சேரும், அது கீழ்ச்சரிவில் இருந்தால் இன்னும் கவனம். அல்லது மூடிய சிறு சம்ப் கட்டி, மிதவை சுவிட்ச் போட்ட கழிவுநீர் பம்பால் மேலே ஏற்றலாம். பம்ப் ஓடுவது கரண்டில். இங்கே மழைக்கும் கரண்டுக்கும் உள்ள உறவு தெரிந்ததுதான். அப்படி ஒரு நிலை என்றால் கீழே கிளோசெட் வைக்காமல் குளிக்க மட்டும் அறை போடுவது நல்லது.

ஏனென்றால் குளித்த தண்ணீரை டேங்குக்கு விடவே தேவையில்லை. அதைத் தனி 75 எம்எம் குழாயில் எடுத்து, கீழ்ச்சரிவில் உள்ள வாழை மூட்டுக்கோ தென்னை மூட்டுக்கோ விட்டுவிடலாம். மட்டப் பிரச்சினை பாதி அங்கேயே தீர்ந்துவிடும். செப்டிக் டேங்கில் சோப்புத் தண்ணீர் குறைந்தால் டேங்கிலிருந்து வழியும் தண்ணீரை மண்ணுக்குள் விடும் சோக் பிட்டுக்கும் பாரம் குறையும். அடுத்தவர் நிலத்தின் மேல் போய் விழாமலும், தாங்குசுவரின் அடியில் நேராகக் கொட்டாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். தாங்குசுவரிலிருந்து பத்தடியாவது தள்ளி விடுங்கள்.

இனி எதிர்த்து வரும் தண்ணீர். நம் மாவட்டத்துக்கு மழை இரண்டு தடவை. ஆனி, ஆடியில் ஒன்று, ஐப்பசி, கார்த்திகையில் இன்னொன்று. மண் தண்ணீர் குடித்து நிறைந்துவிட்டால் சோக் பிட் எதையும் ஏற்காது. டேங்க் நிறையும், குழாயில் தண்ணீர் பின்னோக்கி ஏறும். வீட்டிலேயே தாழ்ந்த வாய் எதுவோ அதில்தான் அது வெளியே வரும். கீழ்த்தள ஷவரையும் டேங்க் லைனில் சேர்த்திருந்தால், தரையில் தண்ணீர் வடியும் அதன் ட்ராப்தான் அந்த வாய். 2021 நவம்பரில் வந்ததுபோல ஒரு மழை வந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துவிட்டுக் குழாய் போடுங்கள்.

டேங்குக்குப் போகும் குழாயில் தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்று கட்டாயம். அது மூடி திறந்து கைவிடக்கூடிய சேம்பருக்குள் இருக்க வேண்டும். மண்ணில் புதைத்துவிட்டால் அதன் தகட்டில் முடியும் துணியும் சிக்கி, மூட வேண்டிய நேரத்தில் மூடாது. ஆனிக்கும் ஐப்பசிக்கும் முன்னால் ஒரு தடவை திறந்து கழுவிவிட வேண்டும். அதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. "மேல உள்ள லைன்லயே சேத்திரலாம் அண்ணே, குழாய் மிச்சம்" என்பார் பிளம்பர். மேல் தளத்துக் குழாய் இந்த வால்வுக்கு முன்னால் வந்து சேர்ந்தால், வால்வு மூடிக் கிடக்கும் நேரத்தில் மேலே ஃபிளஷ் அடிக்கும் தண்ணீருக்கு வேறு போக்கிடம் கிடையாது. கீழ்த்தள ஷவரில்தான் கொப்பளிக்கும். மேல் தள லைன் வால்வைத் தாண்டி, டேங்க் பக்கம் உள்ள சேம்பரில்தான் சேர வேண்டும். கீழ்த்தள லைனுக்குத் தனியாக ஒரு வென்ட் (காற்றுப் போக்கு) குழாய் மொட்டைமாடி வரை போக வேண்டும். இல்லையென்றால் கிளோசெட் ஃபிளஷ் அடிக்கும்போது தரை ட்ராப்பில் நிற்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு போய்விடும், பிறகு நாற்றம்தான்.

அறைக்குள் எதை எங்கே வைப்பது என்பதும் மட்டத்தோடு சேர்ந்த கேள்வி. கீழ்த்தள அறைக்கு ஒரு சுவர் மண்ணோடு ஒட்டியிருக்கும், எதிர்ச் சுவர் வெளியே தெரியும். ஷவர் ட்ராப்பும் கிளோசெட்டும் வெளியே தெரியும் சுவரை ஒட்டித்தான் வர வேண்டும். சுவரில் ஒரு துளை போட்டால் குழாய் வெளியே. கிளோசெட் பி-ட்ராப் வகையாக, பின்பக்கம் சுவர் வழியாகப் போவதாக வாங்கினால் அதற்காகத் தரையைத் தோண்டவே வேண்டாம். மேல் தளத்துக் குழாய் இறங்கும் இடம் இதுதான் என்று மண் ஒட்டிய சுவரில் எல்லாவற்றையும் மாட்டினால், அத்தனை குழாயும் தரைக்கடியில் அறையைக் கடந்து வர வேண்டியிருக்கும்.

5 x 7 அடியில் கடைசி மூன்றடி ஷவருக்கு, நடுவில் இரண்டரை அடி கிளோசெட்டுக்கு, கதவுப் பக்கம் மிச்சமுள்ள ஒன்றரை அடியில் ஒரு சிறு வாஷ்பேசின். கிளோசெட்டின் நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் 15 இஞ்சு, முன்னால் 21 இஞ்சு விட்டால் உட்கார்ந்து எழலாம். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் உள்பக்கம் திறக்கும் கதவை அவரே அடைத்துக்கொண்டு கிடப்பார்.

டப் வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. சிறிய டப்பே 5 அடிக்கு இரண்டே கால் அடி, நிறைய 150 லிட்டராவது வேண்டும். 25 லிட்டர் கீசர் முழுக்கச் சூடானாலும் பச்சைத் தண்ணீர் கலந்து குளிக்கும் பதத்துக்கு 70 லிட்டர் கிடைத்தால் பெரிசு. டப்பின் அடியில் உள்ள ட்ராப்பைத் தொட ஓரடி சதுரத்தில் ஒரு திறப்பும் விட வேண்டும். பெரும்பாலும் விடமாட்டார்கள், கசிவு தொடங்கிய அன்று டைல்ஸை உடைப்பார்கள். எண்ணெய்க் குளியல், பேறுகாலக் குளியல், வர்ம வைத்தியத் தைலம் என்று எது இருந்தாலும் சுவரை ஒட்டி 16 இஞ்சு உயரத்தில் ஒரு கிரானைட் திண்டும் கைபிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் இருந்தால் டப்பைவிட உதவும்.

எண்ணெய் என்றதும் ட்ராப். தேங்காயெண்ணெயும் பயறுமாவும் சீயக்காயும் முடியும் சேர்ந்து குழாயில் படியும் படிவு, வெறும் சோப்பில் வராது. ஆகவே ஷவருக்கு 50 எம்எம் நீர்ப்பூட்டு (உள்ளே நிற்கும் தண்ணீரின் ஆழம்) உள்ள ஆழமான ட்ராப், உள்ளே தூக்கி எடுக்கும் கூடையோடு. உயரம் குறைவு என்று ஒன்றரை இஞ்சு நீர்ப்பூட்டுக்கும் குறைந்ததை மாட்டினால், அந்த அறை கொஞ்ச நாள் பூட்டிக் கிடந்தாலே தண்ணீர் வற்றிக் கரப்பான் ஏறும்.

தரையை உயர்த்தி ட்ராப்பை மறைக்கலாம் என்பது வழக்கமான யோசனை. கீழ்த்தள அறையின் உயரமே எட்டடிதான் இருக்கும். 9 இஞ்சு தூக்கினால் ஏழே கால் அடி மிஞ்சும், அதில் தலைக்குமேல் ஷவர் மாட்டினால் உயரமானவர் குனிந்துதான் நிற்க வேண்டும். மாடியில் கிடைக்காத ஒரு சலுகை இங்கே உண்டு. அடியில் ஸ்லாப் கிடையாது, மண்தான். ட்ராப் வரும் இடத்திலிருந்து வெளிச்சுவர் வரை ஓரடி அகலத்துக்குக் கான்கிரீட்டை வெட்டி எடுத்துக் குழாயை இறக்கிவிடலாம். சுவரின் அடித்தளத்துக்குக் கீழே மட்டும் தோண்டக் கூடாது.

ஷவர் பகுதித் தரைக்கு 50-க்கு 1 வாட்டம். மூன்றடிக்கு முக்கால் இஞ்சு. இப்போது எல்லோரும் இரண்டுக்கு நாலடி டைல்ஸ் கேட்கிறார்கள். நாலு பக்கமிருந்தும் தண்ணீர் இறங்கும் ஒரு ஜாலிக்கு வாட்டம் கொடுக்க அது வளையாது. வெட்டி ஒட்டினால் விளிம்பு எழும்பி நிற்கும், கால் பெருவிரல் இடிக்கும். பெரிய டைல்ஸ்தான் வேண்டுமென்றால் சுவரோரம் நீள ஜாலி போட்டு ஒரே பக்கம் வாட்டம் விடுங்கள். இல்லையென்றால் ஓரடி சதுர வழுக்காத டைல்ஸ்.

ஓதம் இங்கே இரண்டு வழியில் வரும். குளிக்கும் தண்ணீர் உள்ளிருந்து வெளியே போகும், மண்ணில் உள்ள தண்ணீர் வெளியிலிருந்து உள்ளே வரும். கடைக்காரர் தரும் டப்பா முதலாவதுக்குத்தான் மருந்து. இரண்டாவதைக் கண்டுபிடிக்க, மழைக்காலத்தில் மண் ஒட்டிய சுவரில் ஓரடி சதுர பாலிதீன் தாளை நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிமுகத்தில் முத்து முத்தாக நின்றால் அறைக்காற்றின் ஈரம். சுவர்ப்பக்க முகத்தில் நின்றால் மண்ணிலிருந்து வருகிறது. அப்படி வந்தால் உள்ளே என்ன பூசினாலும் பின்னாலிருந்து வரும் அழுத்தம் அதைத் தோலுரிக்கும், உப்புப் பூத்து டைல்ஸ் கழலும். வெளிப்பக்கம் சுவரோரம் தோண்டி, சுவரின் புறத்தில் பூச்சடித்து, அடியில் துளையிட்ட 110 எம்எம் குழாயை மண் புகாமல் வடிகட்டும் ஜியோ துணி சுற்றிப் போட்டு, மேலே சல்லி நிரப்பித் தண்ணீரைக் கீழ்ச்சரிவுக்குத் திருப்புவதுதான் வேலை. ரோட்டோரம் தோண்டவே முடியாத வீட்டில், அந்தச் சுவருக்கு உள்ளே 2 இஞ்சு இடைவெளி விட்டு, அடியில் ஓடையோடு இன்னொரு மெல்லிய சுவர் எழுப்பி அதில் டைல்ஸ் ஒட்டலாம். அறை ஆறு இஞ்சு குறையும், வேறு வழியில்லை.

உள்பூச்சுக்கு இரண்டு பாகமாக வரும் சிமென்ட்-பாலிமர் கலவை போதும். முதலில் குழாய் சுவரைத் துளைக்கும் இடங்களைச் சுருங்காத கிரவுட்டால் அடைக்க வேண்டும். தரையும் சுவரும் சேரும் மூலையைச் சாந்தால் உருட்டி, மேலே ஃபைபர் வலை வைக்க வேண்டும். பூச்சு இரண்டு கை, ஒன்றுக்கொன்று குறுக்காக. ஷவர் சுவர்களில் ஏழடி, மற்ற சுவர்களில் ஓரடி. 5 x 7 அறைக்கு இப்படிக் கணக்கிட்டால் 125 சதுர அடி வரும், சதுர மீட்டருக்கு 1.5 முதல் 2 கிலோ என்றால் 17 முதல் 23 கிலோ. ஐந்து கிலோ வாளி ஒன்று போதும் என்று யாராவது சொன்னால் அவர் வெள்ளையடிக்கிறார் என்று அர்த்தம். காய்ந்தபின் ட்ராப்பை அடைத்து, 2 இஞ்சு தண்ணீர் கட்டி, மட்டத்தைப் பென்சிலில் குறித்து, இறங்குகிறதா என்று 48 மணி நேரம் பாருங்கள். இதற்குப் பிறகுதான் டைல்ஸ், அதுவும் சிமென்ட் பால் ஊற்றி ஒட்டாமல் பல்கரண்டியால் இழுத்த பசையில்.

தண்ணீர்க் குழாய் பக்கம் நல்ல செய்திதான். மேல் தொட்டியிலிருந்து கீழ்த்தளம் ஆழத்தில் இருப்பதால், 10 மீட்டருக்கு ஒரு பார் வீதம் அழுத்தம் தானாக வரும், பம்ப் வேண்டாம். முக்கால் இஞ்சு சிபிவிசி (சுடுதண்ணீர் தாங்கும் பிளாஸ்டிக்) குழாய் வந்து அரை இஞ்சாகப் பிரியட்டும். மிக்சர் மூன்றே கால் அடியில், ஷவர் ஆறே முக்காலில். சுவரை மூடுமுன் அழுத்தம் ஏற்றி ஒரு மணி நேரம் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். குளச்சல் பக்கம் உப்புக் காற்றுள்ள ஊர்களில் மினுங்கும் மலிவுக் குழாய்கள் சீக்கிரம் பொரிந்துவிடும், பித்தளை உடம்பு உள்ளதாக எடுங்கள்.

கீசர் ஷவருக்கு நேர் மேலே வேண்டாம், சுவிட்ச் அறைக்கு வெளியே, லைனில் கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. கேஸ் கீசர் இந்த அறைக்கு எந்தக் காரணத்துக்கும் கூடாது. காற்றோட்டம் இல்லாத இடத்தில் அது விடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை, குளிக்கப் போனவர் மயங்கி விழுந்த பிறகுதான் தெரியும். எக்ஸாஸ்ட் ஃபேன் 6 இஞ்சு, வெளியே தெரியும் சுவரில் உயரத்தில். கதவின் அடியில் முக்கால் இஞ்சு இடைவெளி விட மறந்தால் ஃபேன் சத்தம் போடும், காற்று நகராது. குளித்து முடித்தபின் இருபது நிமிடமாவது ஓடவிட வேண்டும், ஆடிச் சாரல் நாட்களில் இன்னும் கொஞ்சம் கூட.