நாற்பது அங்குலத்தில் உப்பளம்

8 ஜூன் 2025, ஞாயிறு

நேற்று வந்த பிரிண்டை இன்று காலை கூடத்துச் சுவரில் ஒட்டிப் பார்த்தேன். அகலம் 40 அங்குலம். தூத்துக்குடியை அடுத்த தருவைகுளம் பக்கத்து உப்பளம். விடிந்து சிறிது நேரம்தான் ஆகியிருக்கிறது. ஏழு பெண்கள் பாத்தியில் வரிசையாக நின்று உப்பு வாருகிறார்கள். கணினியில் பார்க்கும்போதெல்லாம் நிறைவு தந்த படம். சுவரில் பார்த்ததும் மனம் சோர்ந்துவிட்டது. முன்னால் நிற்கும் மூன்று பேரும் தெளிவாக இருக்கிறார்கள். நான்காவது ஆளிலிருந்து முகம் மங்குகிறது. ஆறாவது, ஏழாவது பெண்களுக்கு முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பழுப்புத் திட்டுதான் இருக்கிறது. பின்னால் உள்ள அம்பாரத்தில் உப்புக் கல் ஒன்றுகூடத் தெரியவில்லை. சுண்ணாம்பு அடித்த சுவர் போல வழவழவென்று நிற்கிறது.

ஃபோகஸில் பிழையில்லை, லென்ஸ் துளையை எஃப் 8க்குச் சுருக்கி நிதானமாக எடுத்த படம். என் நிக்கான் இசட் 6ல் அகலவாட்டில் 6,048 பிக்சல். 40 அங்குலத்தில் பரப்பினால் அங்குலத்துக்கு 150தான் கிடைக்கிறது.

அக்டோபரில் மழை தொடங்குவதற்குள், அந்தத் தொழிலாளர்கள் வாழும் ஊரிலேயே, பள்ளிக்கூட வராந்தாவில் 14 படங்களை மாட்ட வேண்டும். மூன்று வருட ஆசை. தலைமையாசிரியர் சம்மதித்துவிட்டார். மதுரையில் கல்யாணப் படம் எடுக்கும் நண்பரிடம் தொலைபேசியில் புலம்பினேன். "மீடியம் ஃபார்மேட்டுக்குப் போய்விடுங்கள்" என்றார். 35 மி.மீ. ஃபில்மைவிடப் பெரிய ஃபில்மோ சென்சாரோ (ஒளியைப் பதியும் சில்லு) உள்ள கேமரா வகை அது. அந்த வார்த்தை அப்போதிருந்து தலைக்குள் சுற்றுகிறது.

12 ஜூன், வியாழன்

பெரிய சென்சாரில் பிக்சலும் பெரிதாக இருக்கும், அதனால்தான் படம் அழகாக வருகிறது என்று பல வருடம் நம்பியிருந்தேன். இன்று கணக்குப் போட்டேன். ஃபியூஜிஃபில்ம் ஜிஎஃப்எக்ஸ் 50எஸ் 2 சென்சாரின் அளவு 43.8 × 32.9 மில்லிமீட்டர், அகலவாட்டில் 8,256 பிக்சல். ஒரு பிக்சல் 5.3 மைக்ரான். என் கேமராவில் அதுவே ஏறக்குறைய 6. பெரிய சென்சாரில்தான் பிக்சல் சிறியது! லாபம் பரப்பில் வருகிறது. என் கேமராவின் சென்சார் வகையான ஃபுல் ஃபிரேம் 864 சதுர மில்லிமீட்டர், இது 1,441. அதே ஐஎஸ்ஓவில் (ஒளியுணர்வு அளவில்), வெளிச்சம் தாராளமாக இருக்கும்போது, முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு) அளவுக்கு அதிக ஒளியைச் சேர்த்துக்கொள்ளும். முன்னும் பின்னும் அதே தெளிவு கிடைக்க இதில் துளையைக் கூடுதலாகச் சுருக்க வேண்டும். வெளிச்சம் குறைந்த நேரத்தில் அதை ஈடுகட்ட ஷட்டர் வேகத்தைக் குறைக்க முடியாது, அப்போது இந்த லாபமும் பெரிதாகக் கையில் நிற்காது.

பின்னணி கரைந்துபோகும் அழகைப் பற்றி எல்லோரும் சொல்கிறார்கள். அந்தக் கேமராவுக்கு உரிய 63 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ், என் கேமராவில் 50 மி.மீ. எஃப் 2.2 தரும் படத்துக்குச் சமம். அதைவிட அதிகம் கரைக்கும் 50 மி.மீ. எஃப் 1.8 என்னிடம் ஏற்கனவே இருக்கிறது. அதோடு, எனக்குப் பின்னணி கரையவே கூடாது. என் படங்களில் பின்னணியில் நிற்பவர்களும் ஆட்கள்.

21 ஜூன், சனி

எங்கள் தெருவில் அண்ணாச்சி ஒருவர் முப்பது வருடம் ஸ்டூடியோ வைத்திருந்தார். அவருடைய பழைய ஃபில்ம் கேமராவான யாஷிகா மேட் 124ஜியை ஒரு வாரத்துக்குக் கேட்டு வாங்கி வந்தேன். 120 ஃபில்ம், ஒரு ரோலில் 12 படம், ஒவ்வொன்றும் 56 மில்லிமீட்டர் சதுரம். ஜிஎஃப்எக்ஸ் 50எஸ் 2 சென்சாரை விட இது பரப்பில் இரண்டு மடங்குக்கு மேல் பெரியது.

ஊட்டி தொழிற்சாலையில் தயாரான 'இந்து' ஃபில்ம் பெட்டி ஒன்றை, காலியானதுதான், இன்னும் வைத்திருக்கிறார். எடுத்துக் காட்டிவிட்டுச் சொன்னார்: "பள்ளிக்கூட குரூப் போட்டோவுக்கு 120தான். சின்ன 35 ஃபில்மில் எடுத்துக் கொடுத்தால், கடைசி வரிசைப் பிள்ளையின் அம்மா கடைக்கு வந்து நிற்பாள். என் பிள்ளை எங்கே என்று கேட்பாள். என்ன பதில் சொல்வது?"

வீடு வந்து சேரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். சுவரில் இருக்கும் அந்த ஏழாவது பெண்ணுக்கும் வீட்டில் யாரோ இருக்கிறார்கள்.

25 ஜூன், புதன்

யாஷிகாவில் உப்பளத்தை எடுத்த எச்பி5 கறுப்பு வெள்ளை ரோல் ஒன்றைக் கழுவினேன். ஐடி-11 டெவலப்பரில் 20 டிகிரியில் ஏழரை நிமிடம். எங்கள் குழாய்த் தண்ணீரோ 31 டிகிரி. பெரிய எவர்சில்வர் பாத்திரத்தில் ஐஸ் கட்டிகளைப் போட்டு அதற்குள் ரசாயனப் புட்டிகளை இறக்கி, தெர்மாமீட்டரைப் பார்த்தபடி முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். 19க்கு இறங்கியது, ஐஸை எடுத்தேன், 21க்கு ஏறியது, மறுபடி போட்டேன்.

நெகட்டிவ் உலர்ந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அம்பாரத்தின் சரிவில் உப்புக் கல் தனித்தனியாக மின்னுகிறது. கண் கலங்கிவிட்டது என்றே எழுதுகிறேன். ஆனாலும் இந்த வேலைக்கு இது ஒத்துவராது. உப்பு விளையும் பாத்தியில் தண்ணீர் ரோஜா நிறமாக இருக்கும். உப்பிலேயே வாழும் நுண்ணுயிர்கள் தரும் நிறம் அது. கறுப்பு வெள்ளையில் அது சாம்பலாகிவிட்டது. கலர் ரோலைக் கழுவ வெளியூருக்கு அனுப்ப வேண்டும். தவிரவும், ரோல் மாற்றும்போது காற்றில் பறந்த உப்புத்தூள் என் விரல் வழியாக ஃபில்மில் ஏறி, மூன்று படங்களில் கீறல் விழுந்திருக்கிறது.

4 ஜூலை, வெள்ளி

50எஸ் 2ஐ மூன்று நாள் வாடகைக்கு எடுத்திருக்கிறேன். அதிகாலை நான்கரைக்கு உப்பளத்தில் இருந்தேன். வெயிலுக்கு முன்னால் முடிப்பதற்காக டார்ச் வெளிச்சத்திலேயே வேலை நடக்கிறது. இந்தக் கேமரா படத்தில் வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாட்டை வைத்து ஃபோகஸ் தேடும் வகை. இருட்டில் நகர்கிற ஆளுக்காகச் செய்யப்பட்டதல்ல. வரப்பில் கையால் ஃபோகஸ் வைத்து, அவர்கள் அந்த இடத்துக்கு வரும்வரை நின்றேன். இருபது படத்தில் நான்கு தேறின. இருட்டு நேரப் படங்களில் என் பழைய கேமராவுக்கும் இதற்கும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. அன்று போட்ட கணக்கு சரிதான்.

பையைத் தரையில் வைக்கப் போனேன். அங்கே வேலை செய்யும் ஆச்சி கையைப் பிடித்துத் தடுத்தார். "கீழே வைக்காதே தம்பி, உப்பு தின்றுவிடும்." வரப்பில் நின்ற தன் சைக்கிளைக் காட்டினார். சக்கரத்தின் கம்பிகள் துருவில் நூலாக இளைத்திருந்தன.

5 ஜூலை, சனி

காலை ஒன்பது மணி. தலைத்துண்டுக்குக் கீழே முகங்கள் இருட்டாகிவிடும், ஃபிளாஷ் வேண்டும் என்று பயந்துதான் போனேன். 50எஸ் 2ல் ஃபிளாஷோடு ஒத்துப்போகும் உச்ச வேகம் 1/125 வினாடி. யாஷிகாவில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் 1/500 வரை போகலாம். இது பெரிய குறையாகுமோ என்று நேற்று இரவெல்லாம் யோசனை.

அங்கே போனதும் அந்தக் கவலை தேவையற்றதாகிவிட்டது. தரையெல்லாம் உப்பு. கீழிருந்து மேலே வெளிச்சம் எறிகிறது. துண்டின் நிழலுக்குள் கன்னம், மூக்கு, கண்ணுக்குக் கீழ் சுருக்கம் எல்லாம் தெளிவாகத் தெரிகின்றன. உப்பளத்தைவிடப் பெரிய ரிஃப்ளெக்டர் எந்த ஸ்டூடியோவில் இருக்கிறது?

வெள்ளை வெளுத்துவிடாமல் ஒன்றரை ஸ்டாப் குறைத்து எடுத்தேன். வீட்டில் கணினியில் நிழலின் வெளிச்சத்தை உயர்த்தினால் சுத்தமாக எழுந்து வருகிறது. 4:3 சட்டகம் ஆளுக்கும் வானத்துக்கும் அளவாக இருக்கிறது. ஒரு ராவ் (பதப்படுத்தாத) கோப்பு 100 எம்பிக்கு மேல். இந்தக் கேமராவை எனக்குப் பிடித்துவிட்டது.

13 ஜூலை, ஞாயிறு

கோயம்புத்தூரில் ஒருவர் பழைய 50எஸ் 2ஐ விற்கிறார். 63 மி.மீ. லென்ஸும் சேர்த்து 2,75,000 ரூபாய். வீட்டில் பேசினேன். "தேவையென்றால் வாங்குங்கள், தேவை என்பது உறுதியா?" என்ற கேள்வி வந்தது. நியாயமான கேள்வி என்பதால் இரவு மறுபடி நோட்டை எடுத்தேன்.

அப்போதுதான் இது கண்ணில் பட்டது. என் கேமராவைப் போலவே ஃபுல் ஃபிரேமான, 2018ல் வந்த நிக்கான் இசட் 7 அகலவாட்டில் எத்தனை பிக்சல்? 8,256. மீடியம் ஃபார்மேட்டில் இருக்கும் அதே எண். உயரத்தில்தான் வித்தியாசம்: அங்கே 6,192, இங்கே 5,504. அதாவது 40 அங்குல அகலத்துக்கு இரண்டும் அங்குலத்துக்கு 206 பிக்சல்தான் தரும். இன்னொன்றும் இருக்கிறது: இசட் 7ன் அடிப்படை ஐஎஸ்ஓ 64, மற்றதில் 100. வெளிச்சம் கொட்டுகிற இடத்தில் 64ல் எடுத்தால், பெரிய சென்சார் தரும் முக்கால் ஸ்டாப்பில் பெரும் பகுதி திரும்பக் கிடைத்துவிடும். என் லென்ஸ்கள் அப்படியே பொருந்தும்.

எழுதி முடித்தபோது மகிழ்ச்சி வரவில்லை. அந்தப் பெரிய கேமராவை விட மனமில்லை.

20 ஜூலை, ஞாயிறு

பெரிய படத்தை எட்டி நின்றுதான் பார்ப்பார்கள், ஆகையால் பிக்சல் குறைந்தாலும் பரவாயில்லை என்று ஒரு வாதம் உண்டு. கண்காட்சிக் கூடத்துக்கு அது பொருந்தலாம். இன்று இரண்டு 40 அங்குல பிரிண்டுகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஆச்சி வீட்டுக்குப் போனேன்: என் பழைய 24 மெகாபிக்சல் படம் ஒன்று, ஜூலை 5ல் எடுத்தது ஒன்று.

திண்ணையில் விரித்ததும் ஆச்சி குனிந்து, ஒரு சாண் தூரத்துக்கு முகத்தைக் கொண்டுபோய்விட்டார். பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்து குனிந்தார்கள். யாரும் எட்டி நிற்கவில்லை. ஒவ்வொரு ஆளாக விரல் வைத்துப் பெயர் சொன்னார்கள். பழைய படத்தில் மூன்று பெயரோடு விரல் நின்றுவிட்டது. "இது யார் என்று தெரியவில்லையே" என்றார் ஆச்சி. புதிய படத்தில் கடைசி ஆள்வரை விரல் போனது. தூரத்து ஓலைக் கொட்டகையைப் பார்த்து, அது யார் பாத்தி என்றுகூடச் சொன்னார்கள். ஆச்சியின் சித்தி மகள் ஆறாவதாக நிற்கிறார். அண்ணாச்சி கடைக்கு வந்து நின்ற அந்தத் தாய் கேட்டதும் இதைத்தான்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

மதுரை நண்பரிடம் இசட் 7 இருக்கிறது. இரண்டு நாள் கேட்டு வாங்கினேன். அதே வரப்பு, அதே ஒன்பது மணி வெயில், ஐஎஸ்ஓ 64, எஃப் 8. ஆடிக் காற்றில் தலைத்துண்டுகள் படபடக்கின்றன. ஆட்கள் நடந்துகொண்டே இருந்தும் ஃபோகஸ் பிடித்துக்கொண்டது.

பிரிண்ட் நேற்று வந்தது. அதையும் ஜூலை 5 பிரிண்டையும் பக்கத்தில் வைத்து மூக்கு உரச அரை மணி நேரம் பார்த்தேன். நிழலை மிகவும் உயர்த்திய இடத்தில் பெரிய சென்சார் ஒரு நூல் சுத்தம். முகங்களில், உப்புக் கல்லில், எனக்கு வேறுபாடு தெரியவில்லை. அண்ணாச்சியைக் கூப்பிட்டு எது எது என்று சொல்லாமல் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி, போட்டு, கழற்றிப் பார்த்தார். சதுரத்தை நெருங்கிய சட்டகத்தைக் கண்டு "இதன் வாகு நன்றாக இருக்கிறது" என்றார். முகத்தைக் கேட்டேன். "இரண்டிலும் ஆள் இருக்கிறார்கள்" என்றார்.

கோயம்புத்தூர்க்காரருக்கு வேண்டாம் என்று செய்தி அனுப்பினேன். கை கொஞ்சம் தயங்கியது. இரண்டாள் உயரச் சுவரில் படம் மாட்டும் நாள் வந்தால் 100 மெகாபிக்சல் மீடியம் ஃபார்மேட்டைப் பற்றி அப்போது யோசிப்பேன். அந்த வேலைக்கு அது தேவைப்படும்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

பழைய இசட் 7 ஒன்று 85,000 ரூபாய்க்கு வாங்கிவிட்டேன். மீந்த பணத்தில் ஒரு பகுதி 14 பெரிய பிரிண்டுகளுக்கு. படத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் வீட்டில் மாட்ட ஒரு சிறு பிரிண்டும் போடலாம் என்று முடிவு செய்து, பெயர் எழுத ஆச்சி வீட்டுக்குப் போனேன். சொல்லச் சொல்ல எழுதினேன். பத்தொன்பது பெயர். தன் சித்தி மகளின் பெயரைச் சொல்லும்போது மட்டும் நிறுத்தி, சரியாக எழுதியிருக்கிறேனா என்று நோட்டை வாங்கிப் பேத்தியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார்.