கேசட் கடை நோட்டு

21 பிப்ரவரி 2024, புதன்

பம்புகளைச் சோதிக்கும் டெஸ்ட் பெட்டில் நின்றுகொண்டிருந்தபோது செய்தி வந்தது. வானொலி அறிவிப்பாளர் அமீன் சயானி நேற்று போய்விட்டாராம், 91 வயது. 1952 டிசம்பரில் இலங்கை வானொலியில் கீத்மாலா என்ற இந்திப் பாட்டு வரிசை நிகழ்ச்சியைத் தொடங்கியவர். புதன்தோறும் இரவு எட்டு மணிக்கு. இன்றும் புதன்தான். ஆகாசவாணி சினிமாப் பாட்டை ஒதுக்கி வைத்திருந்த காலம் அது. அதனால் இந்திப் பாட்டுக்குக் கொழும்பிலிருந்து இடம் போட வேண்டியிருந்தது. ஒவ்வொரு இடத்தையும் 'பாய்தான்' என்பார், படி என்று அர்த்தம். அதன் வருடாந்திரப் பட்டியல்களை மூன்று வருடமாகத் தட்டச்சு செய்துவருகிறேன். இன்று ஃபைலைத் திறக்க மனசு வரவில்லை.

24 பிப்ரவரி, சனி

நேற்று ஃபெயிலான ஓப்பன்வெல் பம்பு இன்று பாஸ். இத்தனைக்கும் பம்பில் யாரும் கை வைக்கவில்லை. தண்ணீர் ஓட்டத்தை அளக்கும் ஃப்ளோ மீட்டர், அளவைச் சரிபார்க்கும் கேலிப்ரேஷனுக்குப் போய் வந்தது, அவ்வளவுதான்.

அமெரிக்காவின் பில்போர்டு என்ற இசை இதழிலும் 1991-ல் இதே கூத்துதான். அதுவரை எந்த ரெக்கார்டு நன்றாகப் போகிறது என்று கடைக்காரர்கள் வாய்வார்த்தையாகச் சொல்வார்கள், அதை வைத்து வரிசை. மே 25 தேதியிட்ட இதழிலிருந்து ஆல்பம் பட்டியலுக்கு பார்கோடு விற்பனைக் கணக்கு வந்தது. ஒரே வாரத்தில் கன்ட்ரி (அமெரிக்க நாட்டுப்புறப் பாணி) ஆல்பங்கள் மளமளவென்று மேலே ஏறின. கேட்கிறவர்களின் ரசனை ஒரு வாரத்திலா மாறும்? மீட்டர்தான் மாறியது.

25 பிப்ரவரி, ஞாயிறு

கோபி போனேன். அந்தக் காலத்தில் கேட்ட பாட்டுகளைக் கேசட்டில் ரெக்கார்டிங் செய்துகொடுத்த கடை, இப்போது மொபைல் ரீசார்ஜ். "ஏனுங்கம்மணி, இதுக்குப் போயி கோயமுத்தூர்ல இருந்து பஸ் ஏறி வந்தீங்களா?" என்று பெரியவர் சிரித்தார். அப்புறம் பரண்மேலிருந்து நீள நோட்டு ஒன்றை இறக்கினார். 1986.

ஒரு பக்கத்துக்கு ஒரு கேசட். 'ஏ' பக்கம் ஆறேழு பாட்டு, 'பி' பக்கம் ஆறேழு. பின்னட்டையில் பாட்டு வாரியாக எண்ணிக்கைக் கோடு, நாலுக்குக் குறுக்கே ஒன்று. கரையான் ஒரு மூலையைத் தின்றிருந்தது. முதலிடத்தில் நான் எதிர்பார்க்காத ஒரு குட்டிப் பாட்டு.

"அரை மணி நேரப் பக்கமுங்க. கடைசீல ரெண்டரை நிமிசம் மிச்சம் விட்டா சண்டைக்கு வந்துருவாங்க. நானே சின்னதா ஒண்ணு போட்டு ரொப்பிருவேன்."

"அதுக்கும் கோடு போட்டீங்களா?"

"போடாம? அதுவும் ஓடுன பாட்டுதானுங்களே."

26 பிப்ரவரி, திங்கள்

நைட் டெஸ்டிங். நோட்டு பைக்குள்ளேயே இருக்கிறது.

28 பிப்ரவரி, புதன்

ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டையும் கழித்துவிட்டு மறுபடி எண்ணினேன். முதலிடப் பாட்டு பத்தொன்பதுக்கு இறங்கிவிட்டது. இந்த முறையும் சரியில்லைதான், வாடிக்கையாளரே கேட்டு வாங்கிய கடைசிப் பாட்டுகளும் இதில் அடிபட்டுப்போகும். எதற்கும் இருக்கட்டும் என்று பெரியவருக்குப் போன் போட்டேன். குட்டிப் பாட்டுகள் அத்தனை இருக்க, எப்போதும் அதையே ஏன் போட்டார்?

"எம்பட ஊட்டுக்காரிக்கு அது புடிக்குமுங்க. கடைக்குப் பின்னாலதான ஊடு. மெசின் ஓடறப்ப அவளுக்கும் கேக்குமில்லீங்க."

பத்தொன்பதை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் திறந்தேன். தலைப்பு: கடைக்காரர் போட்டது.