மூணாவது மணி நேரத்துல தெரியும் சேதி

பன்னெண்டு நாளா ஒரே சென்ட்ட போட்டுட்டு திரியுறேன். கறுப்பு பாட்டில், மூடி பாக்க மரம் மாதிரியே இருக்கும், வெரல்ல தட்டுனா டொக்குனு பிளாஸ்டிக் சத்தம். பொட்டி மேல ஏலக்கா, மிளகு, பட்டை, சீடர் மரம், சந்தனம், வெட்டிவேர்னு வரிசையா எழுதி வெச்சிருக்கான், ஒரு ஆம்பளைக்கு இதுக்கு மேல என்ன வேணும்ங்குற தோரணைல. பேர மட்டும் கேக்காதீங்க. சொன்னா பாதி பேரு இப்பவே கண்ண மூடிட்டு ஆர்டர் போடுவீங்க, மீதி பேரு இதெல்லாம் ஒரு சென்ட்டானு சண்டைக்கு வருவீங்க, ரெண்டுமே எனக்கு வேணாம். கம்மி விலைல வர்ற இந்த மசாலா-மர வாசனைய எப்படி எடை போடுறதுன்னு இந்த பன்னெண்டு நாள்ல கொஞ்சம் புரிஞ்சுது, அத எழுதி வெச்சுக்கலாம்னுதான் உக்காந்தேன்.

வாங்கச் சொன்னது ஃப்ரெண்டு ஒருத்தன். "மச்சான், பெரிய பிராண்டெல்லாம் இதுகிட்ட தோத்துரும்டா, அடிச்ச ஒடனே தெரியும் பாரு"ன்னான். அடிச்ச ஒடனே தெரிஞ்சதும் உண்மைதான். முதல் பத்து பதினஞ்சு செகண்டு வெறும் ஸ்பிரிட் நெடி, அது எந்த சென்ட்டுக்கும் உண்டு, அதுக்காக திட்டக்கூடாது. அது பறந்ததும் ஏலக்கா வந்துச்சு பாருங்க, பச்சைத் தோல நகத்தால கீறுனா ஒரு ஜில்லுனு வருமே, அதேதான். அந்த ஜில்லுக்கு காரணம் சினியோல்னு ஒரு பொருள், யூகலிப்டஸ் தைலத்துலயும் அதேதான் பிரதானம், அதனாலதான் நல்ல ஏலக்கா வாசனைல எப்பவும் மூக்கத் தொறந்து விடுற ஒரு குணம் இருக்கும். பின்னாடியே மிளகு. ஆகா, அமுக்கிட்டான்யானு நெனச்சேன்.

மிளகு பத்தி ஒரு விஷயம் சொல்லிடறேன், எனக்கே ரொம்ப நாள் தெரியாது. மிளகுல காரம் குடுக்குறது பைபரின். அது லேசுல ஆவியாகாது, அதனால நீராவில வடிச்சு எடுக்குற மிளகு எண்ணெய்ல அது வரவே வராது. அப்ப சென்ட்ல வர்ற மிளகு காரமே இல்லாத மிளகு, ஒரு காய்ஞ்ச, லேசா மரம் கலந்த, கொஞ்சம் எலுமிச்சத் தோல் பக்கமா போற வாசனை. "பயங்கர ஸ்பைசியா மூக்குல ஏறுது"ன்னு எவனாவது சொன்னா அது மிளகா இருக்க வாய்ப்பு கம்மி, வேற எதையோ கூட ஊத்தியிருப்பான். அப்புறம் பிங்க் பெப்பர்னு போட்டிருந்தா அது மிளகு குடும்பமே கிடையாது, முந்திரி இருக்குற குடும்பம்.

சரி, ஓப்பனிங் இவ்ளோ நல்லா இருக்கே, அப்புறம் என்ன பிரச்சினைன்னா, ஓப்பனிங் நல்லா வர்றதுக்கு பெருசா காசு வேணாம். ஆரஞ்சுத் தோல்ல கெடைக்குற லிமோனீன் சல்லிசா கெடைக்கும், கிராம்பு வாசனைக்கு யூஜெனால் சல்லிசா கெடைக்கும், சினியோலும் அப்படித்தான். கடையில நின்னு பேப்பர் ஸ்ட்ரிப்ல அடிச்சு மோந்து பாத்து பில் போடுறவன் எத்தன நிமிஷம் நிப்பான்? அஞ்சு நிமிஷம், மிஞ்சிப் போனா பத்து. அந்த பத்து நிமிஷத்துக்கு மட்டும் நல்லா செலவு பண்ணி வெச்சா போதும்னு கம்பெனிக்காரனுக்குத் தெரியாதா. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்பாங்க, சென்ட் விஷயத்துல அது அப்படியே கவுந்துரும், முதல் சோத்த மட்டும் தனியா நல்லா வேக வெச்சு மேல போட்டு வெச்சிருப்பான்.

கீழ இருக்குறதுதான் மரம். எடை கம்மியான மூலக்கூறு சீக்கிரம் பறக்கும், கனமானது மெதுவா பறக்கும், பொதுவா அவ்ளோதான் கணக்கு. லிமோனீன் எடை 136, சினியோல் 154, யூஜெனால் 164, சந்தனத்துல இருக்குற சாண்டலால் 220. அதனால முதல்ல பழத்தோல் போகும், அடுத்து ஏலக்கா போகும், கிராம்பு கொஞ்சம் நிக்கும், கடைசில வீட்ட காலி பண்ணாம உக்காந்திருக்குறது மரம் மட்டும்தான். நீங்க சட்டைய கழட்டுற வரைக்கும் கூட வரப்போறது அதுதான், அத மோந்து பாக்காம வாங்குனா எப்படி?

நான் மணி பாத்து எழுதி வெச்சேன், சிரிக்காதீங்க. காலைல எட்டு மணிக்கு இடது கை மணிக்கட்டுல ஒரு அடி, தேய்க்கல, சும்மா காய விட்டேன். எட்டேகால் வரைக்கும் ஏலக்கா ராஜ்ஜியம். எட்டே முக்காலுக்கு பட்டை, கிராம்பு, லேசா ஒரு இனிப்பு. இந்த கட்டத்துலதான் நெறைய மலிவு சென்ட் பல் டாக்டர் ரூம் மாதிரி ஆயிடும், காரணம் அதே யூஜெனால்தான், பல் அடைக்குற சிமென்ட்டுலயும் அதத்தான் கலப்பாங்க. இது அந்த கண்டத்துல இருந்து தப்பிச்சுது, பாராட்டணும். ஒம்பதரைக்கு மேல மசாலா இறங்க ஆரம்பிச்சு பதினொன்னுக்கு கைய மோந்து பாத்தா... ஒண்ணுமே இல்ல! சுத்தமா ஒண்ணுமே இல்ல. போச்சுடா, மூணு மணி நேரத்துல செத்துப் போச்சுன்னு மறுநாள் ஆபீஸ் கெளம்பும்போது ஏழு எட்டு அடி அடிச்சுட்டுப் போனேன்.

அங்கதான் மானம் போச்சு. சின்ன மீட்டிங் ரூம், ஏசி, கதவு சாத்தியாச்சு, ஆறு பேரு. பத்து நிமிஷத்துல பக்கத்து சீட்டுக்காரர் நெத்திய தேய்க்க ஆரம்பிச்சாரு, அப்புறம் எந்திரிச்சு கதவத் தொறந்து வெச்சாரு, மீட்டிங் முடிஞ்சதும் தனியா கூப்பிட்டு "தப்பா எடுத்துக்காதீங்க தம்பி, இன்னைக்கு சென்ட் கொஞ்சம் ஓவரோ"ன்னாரு. எனக்கு வாசனையே வரலியே சார்னு சொல்ல வாயத் தொறந்து அப்படியே மூடிக்கிட்டேன்.

வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சப்பதான் வெளங்குச்சு. இந்த மாதிரி வுட்டி, அதாவது மர வாசனை சென்ட்ல ஐசோ ஈ சூப்பர்னு ஒரு பொருள் தாராளமா இருக்கும், 1973ல ஐஎஃப்எஃப்னு வாசனைப் பொருள் செய்யுற கம்பெனி ஆளுங்க கண்டுபிடிச்சது, இயற்கைல கெடையாது, வழவழன்னு சீடர் மரம் மாதிரி ஒரு வாசனை. அதோட குணமே என்னன்னா வரும், போகும், போட்டுக்கிட்டவனுக்கு காணாமப் போயிடும், எதிர்ல வர்றவனுக்கு தெரியும். சில பேருக்கு அது சுத்தமா மூக்குல படவே படாது, எனக்கு பாதி படுது போல. இது மட்டமான சரக்குன்னு நெனச்சுடாதீங்க, 2006ல ஹெர்மெஸ் கம்பெனி விட்ட டெர் டெர்மெஸ்ல, எலேனாங்குற சென்ட் நிபுணர் செஞ்சது, மிளகு-ஆரஞ்சு-சீடர்னு இன்னைக்கும் எல்லாரும் கையெடுத்து கும்பிடுற சென்ட், அதுலயே இது எக்கச்சக்கம். அதே வருஷம் வந்த மாலிக்யூல் 01ங்குற சென்ட்ல வாசனைன்னு இருக்குறதே இது ஒண்ணுதான். அதனால "இயற்கை மரம் ஒசத்தி, கெமிக்கல்னா மட்டம்"ங்குற பேச்ச நான் விட்டுட்டேன். இந்த விலைக்கு எவனும் உண்மையான சந்தன எண்ணெய் ஊத்தப்போறதில்ல, நாமளும் எதிர்பாக்கக்கூடாது, செஞ்ச மரத்த நல்லா செஞ்சிருக்கானாங்குறதுதான் கேள்வி.

நல்லா செய்யலன்னா எப்படி இருக்கும்னும் சொல்றேன். வுட்டி ஆம்பர்னு செயற்கை மர வாசனைப் பொருள்ல ஒரு கூட்டம் இருக்கு, பயங்கர பவர், துளியூண்டு போட்டாலே நாள் பூரா நிக்கும், செலவும் மிச்சம். "பீஸ்ட் மோடு, பன்னெண்டு மணி நேரம் கேரண்டி"ன்னு யூட்யூப்ல கத்துறானுங்களே, அதுல பாதிக்கு இதுதான் காரணம்னு என் சந்தேகம். அளவு மீறுனா ஊசி மாதிரி கண்ணுக்கு நடுவுல மூக்கு எலும்புல குத்தும், காய்ஞ்சு போன ஒரு வறட்டு நெடி, ஸ்பிரிட் பறக்கவே இல்லையோனு தோணும், அதுவும் மூணாவது நாலாவது மணி நேரத்துல. எங்கிட்ட முன்னாடி இருந்த ஒரு க்ளோன், பெரிய பிராண்ட் சென்ட்ட காப்பி அடிச்சது, அப்படித்தான், ரெண்டு தடவ துவைச்ச சட்டையிலயும் அது போகல, ஆனா அது போகாம இருந்ததுல எனக்கு ஒரு சந்தோஷமும் இல்ல. நீண்ட நேரம் நிக்குறது ஒரு குணம்தான், நல்ல குணமா இல்லையானு நிக்குறது எதுங்குறத வெச்சுத்தான் சொல்லணும், வந்த விருந்தாளி மாதிரின்னு வெச்சுக்கோங்களேன்.

நம்ம கறுப்பு பாட்டில் அந்த குத்து குத்தல. என் மூக்க நம்புறத விட்டுட்டு வீட்டம்மாவ நடுவராக்கிட்டேன். எதுவும் சொல்லாம ரெண்டே அடி, நெஞ்சுல ஒண்ணு, கழுத்துல ஒண்ணு, மூணு மணி நேரம் கழிச்சு பக்கத்துல போய் நின்னேன். "என்னங்க, பென்சில் சீவினீங்களா?"ன்னா. எனக்கு சந்தோஷம் தாங்கல, அவளுக்கு நான் ஏன் சிரிக்கிறேன்னு புரியல. பென்சில் சீவுற வாசனைதான் வர்ஜீனியா சீடர், ஒரு காலத்துல பென்சிலே அந்த மரத்துலதான் செய்வாங்க, வேடிக்கை என்னன்னா அது உண்மையில சீடரே கெடையாது, ஜூனிபர் வகை. ஆக பொட்டில போட்ட சீடர் உள்ள இருக்கு, நிக்குது, அடுத்தவங்க மூக்குக்கு பேரு சொல்ற அளவுக்கு தெளிவா இருக்கு. சந்தனம்? சும்மா ஒரு பால் மாதிரி வழவழப்பு, சந்தனம்னு சத்தியம் பண்ண மாட்டேன். வெட்டிவேர் எங்கனு தேடுறேன் தேடுறேன், கெடைக்கல. உலகம் பூரா சென்ட்காரன் எல்லாம் வெட்டிவர், வெட்டிவர்னு நம்ம தமிழ் வார்த்தையத்தான் சொல்லிட்டு இருக்கான், அதனால அந்த வாசனை எனக்கு கொஞ்சம் பாசம், அந்த மண்ணும் புகையும் கலந்த ஈர வாசனை ஒரு நொடியாவது வரும்னு பாத்தேன். பேருக்குத்தான் போட்டிருக்கான்.

பொட்டில போடுற நோட்ஸ் லிஸ்ட்டே, அதான் அந்த வாசனைப் பேரு வரிசை, பாதி கதைதான், அத சட்டமா எடுத்துக்க வேண்டியதில்ல. ஆனா பொட்டிய திருப்பி கீழ பொடி எழுத்துல இருக்குற இன்கிரீடியன்ட்ஸ படிங்க, அது சட்டம். ஐரோப்பால விக்கிற சரக்குன்னா அலர்ஜி வரக்கூடிய வாசனைப் பொருள், தோல்ல தங்குற சென்ட் மாதிரி சமாச்சாரத்துல 0.001 சதவீதத்துக்கு மேல இருந்தாலே பேர போட்டே ஆகணும், முன்ன 26 பேரு இருந்துச்சு, 2023ல 80க்கு மேல ஏத்திட்டாங்க. என் பொட்டில லிமோனீன், லினலூல், யூஜெனால், கூமரின் இருக்கு. பட்டைக்கு அந்த வாசனையக் குடுக்குற சின்னமல்ங்குற பொருள் வரணும், அது இல்ல. முன்பக்கம் பட்டை படம் பெருசா இருக்கு, பின்பக்கம் பட்டை இல்ல! எட்டே முக்காலுக்கு பட்டைனு நான் நெனச்சது யூஜெனாலும் கூமரினோட இனிப்பும் சேந்து ஆடுன நாடகமா இருக்கும், சின்னமல் தோல உறுத்தும்னு பயந்தே நெறைய பேரு கம்மி பண்ணிடுவாங்க, அதனால இதுக்கு மார்க் கொறைக்கல. ஏமாந்தேன், சந்தோஷமா ஏமாந்தேன்.

மலிவுன்னா மட்டமா இருக்கும்ங்குறவங்களுக்கு ஒண்ணு, ஓல்டு ஸ்பைஸ் ஆம்பளைங்களுக்குன்னு வந்தது 1938ல. கிராம்பு, பட்டை, ஜாதிக்கா, கார்னேஷன் பூனு மசாலாவையே நம்பி வந்த சரக்கு, எவன் வீட்டு அலமாரிலயும் இருந்துச்சு, யாரும் அத காஸ்ட்லின்னு சொன்னதில்ல. மசாலாங்குறது கம்மி காசுல ஒழுங்கா பண்ணக்கூடிய வாசனை, மரத்துலதான் மாட்டிப்பாங்க, அதனாலதான் நான் மரத்தையே பிடிச்சு தொங்குறேன்.

இன்னொரு சின்ன விஷயம், கடையில காபிக்கொட்டை டப்பா நீட்டுவாங்க, மூக்க கழுவுறதுக்காம். அத மோந்தா மூக்குல காபியும் சேந்துக்கும், அவ்ளோதான் எனக்கு. நான் என் முழங்கை மடிப்ப, சென்ட் படாத எடமா பாத்து மோந்துக்குவேன், இல்ல வெளிய போய் ரெண்டு நிமிஷம் நிப்பேன். தோல்லயும் அடிங்க, துணிலயும் ஒரு அடி அடிங்க, துணில மறுநாள் காலைல என்ன மிச்சம்னு பாருங்க. என் துணில மறுநாள் இருந்தது லேசான இனிப்பும் பென்சில் சீவலும், மோசமில்ல.

தீர்ப்புன்னு கேட்டா, ஓப்பனிங்குக்கு நூத்துக்கு எண்பது, நடுவுல எழுபது, மரத்துக்கு அறுபத்தஞ்சு, கம்மி விலைல மரத்துக்கு அறுபத்தஞ்சு வாங்குறது சாதாரணம் இல்ல, மத்ததெல்லாம் நாப்பது தாண்டாது. வெயில் நேரத்துக்கு வேணாம், அந்த இனிப்பு திகட்டும். சாயங்காலம், குளிர் நாள், ரெண்டு அடி, மூணாவது அடிக்க கை போச்சுன்னா என் மீட்டிங் ரூம நெனச்சுக்கோங்க. 100 மில்லில சுமாரா ஆயிரம் அடி வரும், தெனம் ரெண்டுன்னா ஒரு வருஷத்துக்கு மேல ஓடும், அதுக்குள்ள எனக்கு சலிச்சுடும்னு வேற விஷயம்.

ஃப்ரெண்டு நேத்து திரும்பவும் போன் பண்ணி இன்னொரு பாட்டில் பேரு சொன்னான், இதவிட செமயாம். அனுப்பி வைடா பாக்குறேன்னேன். அப்புறம் இந்த பாட்டில வாங்குனவங்க யாராவது கறுப்பு, பிளாஸ்டிக் மூடின்னு வெச்சே கண்டுபிடிச்சுட்டீங்கன்னா, மூடி லூசு, பையில சாச்சுப் போட்டு எடுத்துட்டுப் போகாதீங்க, என் லேப்டாப் பை இன்னும் ஏலக்கா மணக்குது.