பெண்ணே இயற்கை என்று எழுதி அரியர் வைத்த கதை

முந்தாநாள் ரிசல்ட். எம்.ஏ. ஆங்கிலத்தில் இழுத்துக்கொண்டிருந்த ஒரே அரியரும் போய்விட்டது. 75-க்கு 54. போன முறை 27. ரீவேல்யூவேஷனுக்குப் பணம் கட்டி 29. இரண்டு முறையும் பெரிய கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான்: இந்திய நாவல்களில் பெண்ணும் இயற்கையும், சூழல்பெண்ணிய நோக்கில், அதாவது பெண்ணை ஒடுக்குவதையும் இயற்கையைச் சுரண்டுவதையும் சேர்த்துப் பார்க்கும் கோணத்தில்.

முதல் முறை அடிஷனல் ஷீட் வாங்கி வாங்கி எழுதினேன். பூமித்தாய், நதித்தாய், பொறுமையில் நிலம் என்று ஒரே கவியரங்கம். கமலா மார்க்கண்டேயா நாவலின் நாயகி ருக்மணிக்குக் கோயில் கட்டாத குறை. நாவலைப் படித்திருந்தால் கட்டியிருக்க மாட்டேன். கைடில் இருந்த சுருக்கத்தோடு போனவள் நான்.

அப்புறம் லீவில் ‘நெக்டார் இன் எ சீவ்’ (1954) முழுவதையும் படித்தேன். மழை ஊரை அடித்துப்போடும் இடத்தில் ருக்மணி சொல்கிறாள்: இயற்கை என்பது வேலைக்குப் பழக்கிய காட்டு விலங்கு மாதிரி, கொஞ்சம் அசந்தால் தொண்டையைக் கவ்விவிடும். தாயாவது மகளாவது! அதே ருக்மணிதான் தான் போட்ட பூசணி விதை முளைத்துக் கொடி ஓடுவதைப் பார்த்து வியந்து நிற்கிறாள். இரண்டும் ஒரே ஆள். கணவன் நாதனோ குத்தகைக்காரன். பாடுபடுவது இவர்கள், நிலம் வேறொருவருடையது. கடைசியில் அது தோல் பதனிடும் ஆலைக்குப் போய்விடுகிறது.

இதை வைத்துக்கொண்டு பொருளியலாளர் பினா அகர்வாலின் 1992 கட்டுரையைப் படித்தால் பளிச்சென்று புரிகிறது. பெண் இயற்கையோடு ஒட்டியிருப்பது பிறவிக் குணம் அல்ல. யார் என்ன வேலை செய்கிறார்கள், சொத்து யார் கையில் இருக்கிறது, எந்தச் சாதி, எந்த வர்க்கம் என்பதைப் பொறுத்தது. வந்தனா சிவாவின் ‘ஸ்டேயிங் அலைவ்’ (1988), அதில் அவர் இயற்கையைப் பெண்மைச் சக்தியாகப் பார்க்கும் பிரகிருதி, மரங்களைக் கட்டிப்பிடித்துக் காத்த சிப்கோ இயக்கம் எல்லாம் எல்லோரும் எழுதுவதுதான். நீங்களும் எழுதுங்கள், ஆனால் எதிரே அகர்வாலை நிறுத்துங்கள். எனக்கு மார்க் ஏறியது அங்கேதான் என்று அடித்துச் சொல்வேன்.

மீதி விஷயங்கள்:

- சூழல்பெண்ணியம் என்ற சொல்லைத் தந்த பிரெஞ்சுப் பெண்ணியவாதி பிரான்சுவாஸ் தோபோனுக்கு ஒரு வரி போதும். ஆண்டு 1974. சிப்கோ இயக்கத்தில், இமயமலை ரேணி கிராமத்தில் கௌரா தேவி மரங்களைக் காத்ததும் அதே ஆண்டு, மறக்காது.
- இரண்டு நாவல், அதற்கு மேல் வேண்டாம்.
- இரண்டாவதாக நான் எடுத்தது அனிதா தேசாயின் ‘ஃபயர் ஆன் தி மவுண்டன்’ (1977). காட்டுக்குத் தீ வைத்துவிட்டேன் என்று சிறுமி ராகா ஜன்னல் பக்கம் வந்து கொள்ளுப்பாட்டியிடம் சொல்கிறாள். பெண் என்றால் காப்பவள் என்ற சூத்திரம் அந்த ஜன்னலோடு காலி.
- மகாஸ்வேதா தேவியின் ‘வேட்டை’ சிறுகதைதான், ஒரே மூச்சில் படிக்கலாம். சால் மரம் வெட்ட வந்து தன்னைத் துரத்தும் கான்ட்ராக்டரை, பெண்கள் வேட்டைக்குப் போகும் திருவிழாவன்று மேரி ஓராவ் கொல்கிறாள்.
- அருந்ததி ராயை நான் தொடவில்லை. ஹாலில் பாதிப் பேர் அவர் நாவலில் ஓடும் மீனச்சிலாற்றில்தான் இறங்கியிருப்பார்கள்.

நோட்ஸ் எடுக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. பென்சிலால் கோடு போட்டு, ராத்திரி சத்தமாகப் படிப்பேன். ரூம்மேட் இருந்தால் கஷ்டம்தான்.

இன்னொன்று, நேரம். அந்தத் தொண்டையைக் கவ்வும் வரியில் ஆரம்பித்த உற்சாகத்தில் ஒரே விடைக்கு ஒரு மணி நேரம் போய்விட்டது. கடைசி இரண்டு சின்னக் கேள்விகளுக்கு நான்கு நான்கு வரிதான் கிறுக்கினேன். இல்லாவிட்டால் அறுபதைத் தாண்டியிருக்கும்.