கங்கையில் கரைத்த பங்கு

“ஆத்துல கரைச்சதைச் சொன்னீங்க. எங்கே செத்தார்னு சொல்லலியே?”

கூட்டம் கலைந்த பிறகு அந்த அம்மாள் கேட்டது இவ்வளவுதான். கோபம்கூட இல்லை. மேடேறிய மூச்சிரைப்போடு, கைத்தடியை மாற்றிப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

சான் பிரான்சிஸ்கோவில் சுற்றுலா வழிகாட்டி நான். 710, ஆஷ்பரி தெரு. வீட்டில் ஆட்கள் குடியிருப்பதால் எதிர்ப்புற நடைபாதையில் நின்று, தணிந்த குரலில்தான் பேசுவேன். கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் இசைக்குழு அங்கே ஒன்றாகக் குடியிருந்த கதை எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. குழுவின் கிட்டார் கலைஞர் ஜெர்ரி கார்சியாவுக்கு 4 வயதில், அண்ணன் வீசிய கோடரி பட்டு வலது நடுவிரலில் பெரும்பகுதி போனது; 1967 அக்டோபர் 2 அன்று போலீஸ் புகுந்து 11 பேரைப் பிடித்தபோது அவர் வீட்டில் இல்லாதது; அடுத்த மார்ச்சில் ஹெயிட் தெருவில் லாரி மேல் ஏறி இலவசமாக வாசித்தது. எல்லாம் சொல்வேன்.

அன்று ஒரு சின்னப் பையன், “அப்புறம் அவருக்கு என்ன ஆச்சு?” என்றான்.

“1995ல மாரடைப்பு. 53 வயசு” என்று சொல்லி, உடனே கங்கைக்குத் தாவிவிட்டேன். மறுவருடம் அஸ்தியில் ஒரு பங்கை ரிஷிகேஷில் கரைத்தார்கள். இந்தியன் வாயால் அதைக் கேட்பதில் அவர்களுக்கு ஒரு நிறைவு. (நான் ரிஷிகேஷ் போனதே இல்லை.) டிப்ஸ் விழுவதும் அந்த வரிக்குப் பிறகுதான்.

பொய் சொல்லவில்லை. மாரடைப்புதான். ஆனால் அது வந்தது போதை மறுவாழ்வு மையத்தில். ஹெராயின், 1986இல் சர்க்கரை நோயால் கோமா, பிழைத்து வந்து கிட்டாரை மறுபடி அரிச்சுவடியிலிருந்து பழகியது... பத்து வயதுப் பையனிடம் இதையா சொல்வது? சொன்னால், “ஹிப்பிகள் கதையே இதுதான்” என்று தலையாட்ட நாலு பேர் தயாராக இருப்பார்கள். அவர்களுக்குத் தீனி போட எனக்கு விருப்பமில்லை.

ஆனாலும் இடிக்கிறது. அந்தப் போலீஸ் சோதனை நடந்து நாலே நாளில், ‘ஹிப்பி செத்தான்’ என்று பக்கத்து ஹெயிட் தெருவில் ஹிப்பிகளே சவப்பெட்டி தூக்கிப் போனார்கள். அந்தப் பொய்ச் சாவை நடித்தே காட்டிச் சிரிக்க வைக்கிறேன்.

அடுத்த வாரம் மறுவாழ்வு மையத்தைச் சொல்லிப் பார்த்தேன். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். அதற்கடுத்த வாரம் பழையபடி கங்கை.

அந்த அம்மாளிடம் அன்று நான் சொன்ன பதில், “நேரம் பத்தலைங்க.”

பத்து நிமிடம் முன்னதாகவே முடித்திருந்தேன்.